சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

வேலூர் என்றவுடன் நம் நினைவில் முதலில் எழுவது அகழி சூழ்ந்த கோட்டை. அடுத்து எழுவது, நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் நோயாளிகள் நாடி வரும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. விழுப்புரத்தில் காட்பாடி ரயில் ஏறினால் திருக்கோவிலூர், திருவண்ணாமலை, போளூர் வழியாகச் சில மணி நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். நம்மில் பலருடைய வீட்டிலிருந்து ஒருவராவது அங்கே போய் வந்திருப்பார்கள். அந்த மருத்துவமனையில், இரு கால்களும் செயலிழந்த நிலையில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் மேரி வர்கீஸ். அன்னாரின் வாழ்க்கை வரலாற்றை என் அன்புத் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இவரைப் பற்றி நான் அறிந்துகொண்டது திண்டிவனத்தில் இருக்கும் எங்கள் ஆயாவால்தான். அவர் என் அம்மாவைப் பெற்றவர். விடியற்காலையில் எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, தெருவில் போவோர் வருவோரையெல்லாம் நலம் விசாரிக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மாமா ஒரு சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தார். ஆனால் வீட்டு வாசலில் இரண்டு படிகள் உண்டு. நாற்காலியை இறக்க வேண்டுமானால் இருவர் தூக்க வேண்டும். பகலில் வீட்டில் இருப்பதோ அத்தை ஒருவர் மட்டுமே. நாளடைவில் அந்த நாற்காலி மடக்கியபடி மூலையில் நின்றது. அதன்மேல் துணி காய்ந்தது. ஆயா பல மாதங்கள் தெருவையே பார்க்கவில்லை.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் ஆயாவை வேலூருக்கு அழைத்துச் சென்றோம். பாகாயம் என்னுமிடத்தில் புனர்வாழ்வு மையம் ஒன்று இருக்கிறது. அங்கே பயிற்சி கொடுத்த அக்கா, ஆயாவின் கை கால்களைப் பார்த்து முடித்ததும் எங்கள் வீட்டைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். வாசலில் எத்தனை படிகள், கதவின் அகலம் எவ்வளவு, கழிவறை எந்தப் பக்கம், கட்டிலின் உயரம் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நோயாளியைப் பார்க்கும் இடத்தில் வீட்டைப் பற்றி ஏன் இத்தனை கேள்விகள் என்று எனக்கு வியப்பாக இருந்தது. அந்த மையத்தின் பெயரில் இருக்கும் மேரி வர்கீஸ் என்பவர் யார் என்று விசாரித்தேன். அவருடைய கதை தெரிந்த பிறகுதான் அந்தக் கேள்விகளின் பொருளும் எனக்கு விளங்கியது.

இக்கதையின் விதை நம் திண்டிவனத்திலேயே விழுந்தது என்றால் நம்புவீர்களா, தோழியரே? சுமார் 130 ஆண்டுகளுக்கு முன்பு திண்டிவனத்தில் ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷனரி டாக்டர் வாழ்ந்தார். அவருடைய மகள் ஐடா, தாயாரின் உடல்நலக் குறைவால் அமெரிக்காவிலிருந்து இங்கு வந்திருந்தார். ஓர் இரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் அவ்வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரும் வெவ்வேறு சமூகத்தவர். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஆண் டாக்டர் வந்து பார்ப்பதை அக்கால வழக்கம் அனுமதிக்கவில்லை. ஆகவே ஐடா வரவேண்டும் என்று வேண்டினர். ஐடாவோ மருத்துவம் படிக்காத இளம்பெண். பொழுது விடிந்தபோது அம்மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது. அந்த இரவு அவர் வாழ்வைத் திருப்பிவிட்டது. அமெரிக்கா சென்று டாக்டர் பட்டம் பெற்று, 1900-ஆம் ஆண்டு திரும்பி வந்து வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியையும் திறந்தார். அதுவே பின்னாளில் பெரும் கல்லூரியாக வளர்ந்தது.

அக்கல்லூரிக்கு 1940-களில் கேரளத்திலிருந்து வந்து சேர்ந்தவரே மேரி வர்கீஸ். அவர் 1925-ஆம் ஆண்டு கொச்சியில், வசதி மிக்க பெரிய கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். எறணாகுளத்தில் கல்லூரிப் படிப்பை முடித்தவர், டாக்டர் ஆக வேண்டும் என்ற ஆர்வத்தோடு வேலூர் வந்தார். படிப்பை முடித்து அங்கேயே பணியிலும் அமர்ந்தார். மகளிர் மருத்துவத்திலும் பிரசவம் பார்ப்பதிலும் தேர்ச்சி பெறுவதே அவருடைய விருப்பமாக இருந்தது. திண்டிவனத்து இரவில் எந்தக் குறைக்காக ஐடா கண்ணீர் விட்டாரோ, அதே குறையைப் போக்கும் பணியையே மேரியும் விரும்பினார்.

ஆனால் மனிதர் வகுக்கும் திட்டம் ஒன்று; நடப்பது வேறொன்று. 1954-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இளம் டாக்டர்கள் சிலர் ஒரு வண்டியில் உல்லாசப் பயணம் புறப்பட்டனர். மேரியும் அவர்களுள் ஒருவர். வழியில் அந்த வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் ஆழமான காயம் ஏற்பட்டது. அதைவிடக் கொடியது, அவருடைய முதுகுத்தண்டு சிதைந்து போனது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. அப்போது அவருக்கு வயது 28.

முதுகுத்தண்டு என்பது மூளையிலிருந்து உடல் முழுவதற்கும் கட்டளைகளைக் கொண்டு செல்லும் நரம்புக் கற்றை. அது அறுபட்டால் மீண்டும் ஒட்டுவதில்லை. இத்தகைய நோயாளிகளைக் கொல்வது பெரும்பாலும் அடிபட்ட காயம் அன்று. உணர்ச்சியற்ற தோலில் தோன்றும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்ப் பாதையில் உண்டாகும் நோய்த்தொற்றுமே அவர்களுக்கு எமனாக வந்தன. இரண்டாம் உலகப் போர் வரை இவர்கள் நெடுநாள் வாழ்வார்கள் என்று டாக்டர்களே எதிர்பார்க்கவில்லை. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் இவர்களுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். நோயாளியை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, பயிற்சி கொடுத்து, பயனுள்ள வாழ்க்கைக்கு அவர்களைத் திருப்பலாம் என்று அவர் காட்டினார். ஆனால் 1954-இல் நம் நாட்டில் அந்த வழிமுறைகள் அனைவருக்கும் எட்டியிருக்கவில்லை.

மேரி பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். முதுகெலும்பில் அறுவை சிகிச்சைகள் நடந்தன. தாம் டாக்டர் ஆகையால் தம் நிலைமை அவருக்கு நன்றாகவே தெரியும். பிறரைக் காக்கப் படித்த தாமே பிறருக்குச் சுமையானோமே என்று அவர் உள்ளம் குமுறியது. அந்த வேதனையிலும் இறைவனிடம் அவர் வைத்திருந்த நம்பிக்கை அணைந்து போகவில்லை.

அப்போது அவருக்குச் சிகிச்சை அளித்து வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். மிஷனரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேயர் இவர். தொழுநோயால் மடங்கிப் போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை வேலூரில் உருவாக்கி வந்தார். ஒரு நாள் அவர் மேரியிடம் ஒரு யோசனை சொன்னார். கையில் செய்யும் அறுவை சிகிச்சைக்கு டாக்டர் நிற்க வேண்டியதில்லை. நோயாளியின் கையை ஒரு சிறு மேசையின்மேல் வைத்து, டாக்டர் எதிரே உட்கார்ந்துதான் செய்வார். அப்படியானால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம் அல்லவா? மேரியின் மூளைக்கும் கைகளுக்கும் ஒரு குறையும் இல்லையே!

எவ்வளவு எளிய யோசனை! ஆயினும் அதுவரை எவருக்கும் தோன்றாத யோசனை. இழந்த கால்களையே எல்லாரும் எண்ணியிருந்த வேளையில், எஞ்சியிருந்த கைகளை ஒருவர் எண்ணிப் பார்த்தார்.

மேரி உழைக்கத் தொடங்கினார். முதலில் உட்காரவே பழக வேண்டியிருந்தது. பிறகு அறுவைக் கூடத்தில் பிறருக்கு உதவினார். பின்னர்த் தாமே கத்தியை எடுத்தார். தொழுநோயில் நரம்பு கெடுவதால் சில தசைகள் செயலிழந்து, விரல்கள் நகம்போல் மடங்கிவிடுகின்றன. முன்கையில் நல்ல நிலையில் உள்ள ஒரு தசையின் நாரை எடுத்து விரல்களோடு இணைத்துத் தைத்தால், அத்தசை விரலுக்கு வேலை செய்யக் கற்றுக்கொள்ளும். மிக நுட்பமான தையல் வேலை அது. மணிக்கணக்கில் அசையாமல் இருந்து செய்ய வேண்டும். முதுகில் வலியோடு மேரி அதைச் செய்தார்.

அந்நாளில் தொழுநோயாளிகளை ஊரார் ஒதுக்கி வைத்திருந்தனர். இன்று அந்நோயை மருந்துகளால் முழுவதும் குணப்படுத்தலாம். அன்று அப்படி இல்லை. தங்களுக்கு இனி வாழ்வே இல்லை என்று மனம் உடைந்து கிடந்த அவர்கள், தங்களைப் பார்க்க வரும் டாக்டரே சக்கர நாற்காலியில் வருவதைக் கண்டார்கள். நடக்க இயலாத இவரே பணி செய்கிறார் என்றால் நம்மால் ஏன் இயலாது என்ற எண்ணம் அவர்களுக்குப் பிறந்தது. வேறு எந்த டாக்டராலும் கொடுக்க முடியாத மருந்து அது.

இங்கே ஓர் உண்மையை நாம் மறந்துவிடக் கூடாது. மேரியின் மன உறுதி பெரியதுதான். ஆனால் மன உறுதி மட்டும் அவரைப் படுக்கையிலிருந்து அறுவைக் கூடம் வரை கொண்டு போயிருக்குமா? அதற்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. பழைய காலத்துச் சக்கர நாற்காலிகள் மரத்தாலான கனத்த பெட்டிகள் போன்றவை. சுரங்க விபத்தில் முதுகு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற அமெரிக்கப் பொறியாளருக்காக, அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் 1933-இல் இரும்புக் குழாய்களைக் குறுக்காக இணைத்து, மடக்கக்கூடிய நாற்காலியைச் செய்தார். நாம் இன்று மருத்துவமனைகளில் பார்ப்பது பெரும்பாலும் அதே அமைப்புத்தான். ஒரு நோயாளியின் தேவையும் ஒரு நண்பனின் அன்பும் சேர்ந்து செய்த கருவி, உலகம் முழுவதும் எத்தனையோ பேரை வெளியுலகுக்கு அழைத்து வந்துவிட்டது.

சில ஆண்டுகள் கழித்து மேரி ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த் நகருக்குச் சென்றார். தம்மைப் போன்ற நோயாளிகள் அங்கே எவ்வாறு தாமாகவே வாழக் கற்பிக்கப்படுகின்றனர் என்பதைக் கண்டார், தாமும் கற்றார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தாமே உடுத்துவது, நீராடுவது, உட்கார்ந்திருக்கையில் சிறிது நேரத்திற்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கிப் புண் வராமல் காத்துக்கொள்வது ஆகியவை அப்பயிற்சியில் அடங்கும். நமக்கு இவை மூச்சு விடுவதைப் போன்ற செயல்கள். மேரிக்கோ ஒவ்வொன்றும் ஒரு வெற்றி. பிறர் கையை எதிர்பாராமல் ஒரு நாளைக் கழிக்க முடிவது எத்தகைய விடுதலை என்பதை அவர் உணர்ந்தார்.

அந்த விடுதலை தமக்கு மட்டும் கிடைத்தால் போதுமா என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. நம் நாட்டில் மரத்திலிருந்து விழுந்தும், கிணற்றில் விழுந்தும், சாலை விபத்திலும் முதுகு முறிந்தவர்கள் எத்தனையோ பேர். காயம் ஆறியதும் அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். வீட்டிலோ ஒரு மூலையில் கிடந்தனர். அவர்களுக்காக மேரி மீண்டும் மாணவியானார். நியூயார்க் சென்று, டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய புகழ்பெற்ற புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் உயர்கல்வி பெற்றார். போரில் காயமுற்ற வீரர்களை மீண்டும் வாழ்க்கைக்குத் திருப்புவதில் தேர்ந்தவர் ரஸ்க். சக்கர நாற்காலியில் கடல் கடந்து போய்ப் படித்த அப்பெண்மணி, அங்கேயே தங்கிவிடாமல் 1960-களின் தொடக்கத்தில் வேலூருக்கே திரும்பி, புனர்வாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ஆம் ஆண்டு பாகாயத்தில் புனர்வாழ்வு மையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் இத்தகைய மையங்களுள் அது இந்திய நாட்டுக்கே முன்னோடி ஆயிற்று.

இத்தகைய மையத்தில் நடப்பது என்ன? நடக்கக்கூடியவர்களுக்குக் கேலிப்பர் என்னும் கால் தாங்கிகள் அளவெடுத்துச் செய்யப்படுகின்றன. கால் இழந்தவர்க்குச் செயற்கைக் கால் பொருத்தி, இரு கம்பிகளுக்கு இடையே நடை பழக்குகிறார்கள். விரல் மடங்காதவர்க்குத் தடித்த கைப்பிடி போட்ட கரண்டி கொடுக்கிறார்கள். நோயாளியோடு வரும் தாயோ மனைவியோ அருகிலிருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறார்கள். திரும்பிப் போகும் வீட்டுக்கு ஏற்ற வழிகளையும் சொல்லித் தருகிறார்கள். எங்கள் வீட்டுப் படிகளை எண்ணிக் கேட்ட அக்கா நினைவிருக்கிறாரா? மருத்துவமனையில் நன்றாக நகரும் சக்கரம், வீட்டு வாசற்படியில் நின்றுவிட்டால் அத்தனை சிகிச்சையும் வீண்தானே!

மேரி வர்கீஸ் அம்மையாரின் தொண்டைப் பாராட்டி இந்திய அரசு 1972-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். விபத்துக்குப் பின் 32 ஆண்டுகள் வாழ்ந்தார். இவர் இனி என்ன செய்ய முடியும் என்று பிறர் எண்ணிய அந்த ஆண்டுகளில்தான் அவருடைய பெரும் பணிகள் எல்லாம் நடந்தன. அவர் வளர்த்த மையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

தோழியரே, இவ்வரலாற்றைப் படித்த பின் எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. ஆறாம் வகுப்பு முதல் நான் மூக்குக்கண்ணாடி அணிகிறேன். அதைக் கழற்றினால் கரும்பலகை எனக்கு வெறும் கறுப்புத்தான். ஆனால் என்னை யாரும் இயலாதவள் என்று சொல்வதில்லை. கண்ணாடியும் ஒரு துணைக்கருவி அல்லவா? கண்ணாடி எனக்கு எதுவோ, அதுவே நடக்க இயலாதவர்க்குச் சக்கர நாற்காலி. காது கேளாதவர்க்குச் செவிக்கருவி. பார்வையற்றவர்க்குப் பிரெய்லி எழுத்து. அந்தப் புள்ளி எழுத்தை லூயி பிரெய்லி அமைத்தபோது அவருக்கு வயது 15, என் வயதுதான்! நாம் எழுதப்போகும் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சொல்வதை எழுதும் ஒருவரும் கூடுதல் நேரமும் தருகிறார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிட்டு, பொதுக் கட்டடங்களில் எல்லாரும் நுழைய வழி இருக்க வேண்டும் என்கிறது. இவை சலுகைகள் என்று சிலர் நினைக்கிறார்கள். என் கண்ணாடி எனக்குச் சலுகை என்றால்தான் இவையும் சலுகை.

இனி எங்கள் ஆயாவின் கதையை முடிக்கிறேன். வேலூரிலிருந்து திரும்பியதும் அப்பாவும் மாமாவும் நான்கடி நீளப் பலகை ஒன்றைப் படிகளின்மேல் சாய்த்தனர். முதலில் என்னை நாற்காலியில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். ஏற்றும்போது மாமாவால் தள்ள முடியவில்லை. இறக்கும்போது நான் சறுக்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தில் மோதினேன்! பிறகுதான் அந்த அக்கா எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தோம். ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் வேண்டும் என்று அதில் இருந்தது. எங்கள் படிகள் இரண்டும் சேர்ந்து 14 அங்குலம். அப்படியானால் சாய்தளம் 14 அடி நீளம் இருக்க வேண்டும். அவ்வளவு இடம் வாசலில் நேராக இல்லை. கொத்தனார் யோசித்து, சுவரை ஒட்டி ஏழடி இறக்கி, நடுவில் நாற்காலி திரும்ப ஒரு சமதளம் விட்டு, மறுபடி ஏழடி இறக்கினார். கணக்குப் பாடத்தில் விகிதம் எதற்கு என்று கேட்ட எனக்கு அன்று விடை கிடைத்தது.

மறுநாள் காலையில் அத்தை தனியாகவே ஆயாவைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஆயா இடது கையால் கோல மாவை அள்ளினார். கோடு வளைந்து வளைந்து போயிற்று. தெருவில் போன பால்காரரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று விசாரித்தார். குழறலான பேச்சுத்தான், ஆனால் அவருக்குப் புரிந்தது. அம்மா அழுதுவிட்டார்.

ஒரு காலத்தில் இதே திண்டிவனத்தில், வாசற்படியைத் தாண்டி உதவி உள்ளே வர முடியாமல் மூன்று பெண்கள் இறந்தனர். இன்று அதே ஊரில், வாசற்படியைத் தாண்டி ஒரு பெண் வெளியே வருகிறார். இடையில் ஐடா ஸ்கடரும் மேரி வர்கீஸும் வாழ்ந்து போனார்கள். நாம் எல்லாரும் அவர்களைப் போல் டாக்டர் ஆக முடியாமல் இருக்கலாம். ஆனால் நம் வீட்டிலும் தெருவிலும் எத்தனை படிகள் இருக்கின்றன, அவற்றால் யார் உள்ளேயே இருந்துவிட்டார்கள் என்று எண்ணிப் பார்க்க நம் ஒவ்வொருவராலும் முடியும். இந்த விடுமுறையில் அதைச் செய்வோமா?